உம்மாட வீட்டுக்குப் போன இன்ஸ்பெக்டர்

2024 ஓகஸ்ட் 15, வியாழக்கிழமை, சாய்ந்தமருது. கடற்கரையில் நடந்த படப்பிடிப்பு பிற்பகலோடு முடிந்தது. நடிகர் நஸீர் ஒப்பனையைக் கலைத்துவிட்டுப் புறப்பட்டார். மாலையில் அவருடைய கைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் சொல்லியிருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை.

சனிக்கிழமை காலை றுமைஸா படியேறி வந்தபோது, மிஹ்லார் மேசை விசிறியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது முனவ்வறாவின் அலுவலகம். நீண்ட காலம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, ஐம்பது வயதில் வேலையை விட்டு, தனியார் விசாரணை என்று பலகை போட்டவள் அவள். மிஹ்லார் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். தன்னை அவளுடைய உதவியாளன் என்று அவனாகவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவள் மறுத்ததில்லை.

"பேரு றுமைஸா. நடிகர் நஸீர்ட ராத்தா நான்," என்றாள் தம்பியைத் தேடி வந்த அந்த அக்கா.

மிஹ்லார் திருகாணியைக் கீழே வைத்தான். "இன்ஸ்பெக்டர் சாதிக்ட ராத்தாவா?"

"அதுதான் தம்பி வில்லங்கம். போற இடமெல்லாம் இதத்தான் கேக்கிறாங்க."

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 'ஒன்பதாம் கட்டை' தொலைக்காட்சியில் ஓடிய மூன்று வருடமும் வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்தக் கரையில் கடைகள் நேரத்தோடு பூட்டப்பட்டன. கடைசிப் பாகத்தில் இன்ஸ்பெக்டர் சாதிக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு களப்புக்குள் படகில் போனார். படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. தண்ணீரில் தொப்பி மட்டும் மிதந்தது. அவர் செத்தாரா இருக்கிறாரா என்று தேநீர்க் கடைகளில் கைகலப்பு வரை போயிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இப்போது அதே குழு முழுநீளப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. படம் முடியும் தறுவாயில், சாதிக்காக நடித்த ஆளையே காணவில்லை.

றுமைஸா மேசைக்குப் பின்னால் இருந்த முனவ்வறாவின் பக்கம் திரும்பினாள். "பொலிஸில முறைப்பாடு எழுதினாங்க ராத்தா. எழுதின ஆள் சிரிச்சிச் சிரிச்சி எழுதினார். படம் எப்ப வருது எண்டு கேட்டார். பேஸ்புக்கில 'சாதிக் திரும்பவும் காணாமப் பெய்த்தார், டிக்கட் எடுங்க' எண்டு போடுறாங்க. ஒருத்தரும் தேடுறாங்க இல்ல." றுமைஸா முந்தானையால் முகத்தை ஒற்றினாள். "அவனுக்குச் சின்ன வயசில இருந்து சீனி வருத்தம். இன்சுலின் போடாம ரெண்டு நாள் தாங்கமாட்டான். ஷூட்டிங் ஆக்கள் தங்குற வீட்டு பிரிஜ்ஜில அவன்ட ஊசியெல்லாம் அப்பிடியே கிடக்கு. நான் போய்ப் பாத்துட்டன்."

விசிறியின் இறகைத் துடைத்துக்கொண்டிருந்த மிஹ்லாரின் கை நின்றது.

"மெசேஜக் காட்டுங்க," என்றாள் முனவ்வறா.

அது உதவி இயக்குநர் றஸ்னாவுக்கு வந்து, அவள் றுமைஸாவுக்கு அனுப்பியது. *நான் உம்மாட வீட்ட போறன். நாளைக்கு ஜும்ஆ முடிய ஷூட்டிங்குக்கு வாறன்.*

"இத நம்பி அவங்க இவன் வீட்ட இரிக்கான் எண்டு நினைச்சிருக்காங்க. நாங்க ஷூட்டிங்கில இரிக்கான் எண்டு நினைச்சிருக்கம். நேத்து றஸ்னா கோல் எடுத்த பிறகுதான் ரெண்டு இடத்திலயும் இல்ல எண்டு தெரிஞ்சிச்சு."

முனவ்வறா அந்தச் செய்தியைத் தன் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, றுமைஸாவின் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்கட தம்பி கலியாணம் முடிச்சவரா?"

"இல்ல. இப்பதான் பொண் பாக்கிறம்."

"மருதமுனையில உம்மாவோடதானே இரிக்கார்?"

"ஓம். நான் அடுத்த வளவு."

"உங்களோட கதைக்கக்குள்ள 'உம்மாட வீட்ட வாறன்' எண்டு சொல்றவரா?"

றுமைஸா யோசித்தாள். "இல்லயே. 'வீட்ட வாறன்' எண்டுதான் சொல்லுவான். எனக்குத்தான் அது உம்மாட வீடு. ஏன் ராத்தா?"

"ஒண்டுமில்ல. நீங்க வீட்ட போய் உம்மாவோட இரிங்க. போனக் கையில வெச்சிருங்க."

அவள் படியிறங்கிய சத்தம் அடங்கும் வரை மிஹ்லார் வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"ராத்தா, இதுக்கு உங்கட மூளை தேவையில்ல, என்ட அனுபவம் போதும். நான் கலியாணத்தண்டு ஒரு சூட்கேசத் தூக்கிட்டு நிந்தவூரில பொஞ்சாதிட வீட்டுக்குப் போனவன். அண்டையில இருந்து அதுதான் வீடு. நான் பொறந்து வளர்ந்த வீடு அடுத்த நாளே உம்மாட வீடாப் பெய்த்து. கலியாணம் முடிக்காதவன் வீட்ட போறன் எண்டுதான் சொல்லுவான். உம்மாட வீட்ட போறன் எண்டு சொல்றவனுக்கு எங்கயோ இன்னொரு வீடு இரிக்கி."

இந்தக் கரையில் வீடு பெண்ணோடு போகிறது. மாப்பிள்ளை சீதனமாக வந்த வீட்டுக்குக் குடிபோகிறான். இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கும் விஷயமில்லை, பேச்சில் தானாக வந்துவிடும்.

"களவாக் கலியாணம் முடிச்சிரிக்கான்," என்றான் மிஹ்லார். "இன்ஸ்பெக்டர் மாட்டினார்!"

"அப்பிடி எண்டா நல்லம்," என்றாள் முனவ்வறா. அவள் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "பொஞ்சாதிட வீட்டிலயும் பிரிஜ் இரிக்கும், மருந்து இரிக்கும். அப்பிடி இல்லாட்டி அந்தப் பொடியன் ரெண்டு நாளா ஊசியில்லாம எங்கயோ கிடக்கான். வண்டிய எடு."

*

படக்குழு அன்று திருக்கோவில் கடற்கரையில் இருந்தது. நிந்தவூரைத் தாண்டும்போது மிஹ்லார் தலையைக் குனிந்து, கைப்பிடிக்குக் கீழே போய்விடுகிறவன்போல் ஓட்டினான்.

"என்ன?"

"பொஞ்சாதிக்குக் கேஸ் சிலிண்டர் எடுத்துத் தாறண்டு சொல்லிட்டு வந்தன் ராத்தா. அவ றோட்டுக்கு வந்து நிண்டா நானும் காணாமப் போனவன் கணக்கில சேந்துடுவன்."

அவள் சிரிக்கவில்லை. அக்கரைப்பற்றைத் தாண்டியும் அவன் வேறு பகிடி விடவில்லை.

கடற்கரையில் கயிறு கட்டி, அதற்கு வெளியே சனம் குவிந்திருந்தது. மிஹ்லார் வண்டியை நிறுத்திய மறுகணம் கூவினான். "ராத்தா! அங்க பாருங்க ஆள!"

கறுப்புச் சட்டை, காக்கிக் காற்சட்டை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த அந்த நடை. கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது சாட்சாத் இன்ஸ்பெக்டர் சாதிக்தான். சனம் விசிலடித்தது. "கட்" என்ற சத்தம் கேட்டதும் சாதிக் திரும்பினார். ஊரில் யாருக்கும் தெரியாத, பல் எடுப்பான ஓர் இளைஞன்.

"பின்பக்கம் மட்டும் ஒத்துப்போகும்," என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் சொன்னாள். தொப்பியும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக நின்ற அவள்தான் றஸ்னா. "நஸீர் வரும் வரைக்கும் முதுகுக் காட்சியெல்லாம் எடுத்து முடிக்கிறம். நீங்க முனவ்வறா ராத்தாதானே? றுமைஸா கோல் எடுத்து அழுதா."

"அந்த மெசேஜ் வந்ததும் நீங்க என்ன நினைச்சீங்க?"

"புதினமாத்தான் இருந்திச்சு. அவர் எழுதுறதே இல்ல. காலையில எத்தன மணிக்கு வரணும் எண்டு கேக்கிறதும் வொய்ஸ்தான். நட்சத்திரம் ஆனாப் பிறகு விரல் நோகுமாக்கும் எண்டு நாங்க பகிடி பண்ணுவம். சிக்னல் குறைவாக்கும், அதான் எழுதிரிக்கார் எண்டு விட்டுட்டன்."

குடையின் கீழே இருந்து இயக்குநர் ஹிஷாம் எழுந்து வந்தார். நாற்பது வயதுக்காரர். முகத்தில் இரண்டு நாள் தாடி. மிஹ்லாரைக் கண்டதும் கையை நீட்டினார்.

"நம்மட நிந்தவூர் மாப்பிள!"

"நீங்களும் அந்தக் கூட்டில அடைபட்ட ஆள்தானே காக்கா," என்றான் மிஹ்லார், அண்ணன் முறை வைத்து. ஹிஷாமின் மனைவி வீடு அவனுடைய மனைவி வீட்டுக்குப் பின்தெருவில் இருந்தது.

ஹிஷாம் சிரிக்க முயன்றார். முனவ்வறாவைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "ராத்தா, வியாழக்கிழமை பேக்கப் முடிய மெயின் றோட்டில பஸ்ஸுக்கு நிண்டவன். நான் கடைசியாக் கண்டது அதுதான். எனக்கு ஒரு சந்தேகம் இரிக்கி. நான் சொன்னண்டு வெளியில சொல்லப்படாது."

"சொல்லுங்க."

"லீவு கிடைச்சா அவன் அறுகம்பேக்குத்தான் ஓடுவான். அங்க ஒரு பொம்புள. ஸஹ்றா எண்டு பேர், கெஸ்ட் ஹவுஸ் வெச்சிரிக்கா. மூணு வருஷமா நடக்குது. அவன் வாயத் திறக்கமாட்டான்."

மிஹ்லார் முனவ்வறாவைப் பார்த்தான். அவனுடைய புருவம் இரண்டும் நெற்றியின் நடுவுக்குப் போயிருந்தன.

*

அறுகம்பேயில் பருவகாலம். வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகைகளைத் தலையில் சுமந்துகொண்டு வெறுங்காலோடு வெயிலில் நடந்தார்கள். கோமாரியிலிருந்து பொத்துவில் வரை மிஹ்லார் வேகமானியைப் பார்க்கவே இல்லை. வழியெல்லாம் அந்த ஸஹ்றாவை அவன் மனதுக்குள் வரைந்துகொண்டு வந்தான். கறுப்புக் கண்ணாடி, நீளமான கழுத்து, 'நாங்க ஒருத்தர ஒருத்தர் விரும்பிட்டம்' என்று தொடங்கும் கண்ணீர்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். தடித்த கண்ணாடி, வாயில் வெற்றிலை, கையில் மீன் வெட்டும் கத்தி.

"ஸஹ்றாவப் பாக்க வந்தம்," என்றான் மிஹ்லார், அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி.

"பாத்துட்டீங்கதானே மகன்."

குரல் அறையை நிறைத்தது. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று மிஹ்லாருக்குத் தோன்றியது. வானொலி நாடகங்களில் இருபது வருடம் ராணியாகவும் மாமியாகவும் பேயாகவும் பேசிய குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

முனவ்வறா சுற்றி வளைக்கவில்லை. "நஸீர் இஞ்ச இரிக்காரா?"

"இல்லையே தங்கச்சி. போன மாசம் வந்தவன்."

"உங்கட பிரிஜ்ஜில அவர்ட இன்சுலின் இரிக்கா?"

"இஞ்ச வெச்சிட்டுப் போறல்ல. வரக்குள்ள ஐஸ் பெட்டியில கொண்டு வருவான். ஏன், என்ன நடந்த?"

இவ்வளவு தூரமும் அந்தக் கள்ளக் கலியாணத்தை நம்பித்தான் வந்திருந்தார்கள். பொஞ்சாதி இருந்தால் பிரிஜ் இருக்கும், பிரிஜ் இருந்தால் மருந்து இருக்கும். இங்கே பொஞ்சாதி இல்லை.

முனவ்வறா நடந்ததைச் சொல்லிவிட்டு, கைபேசியை நீட்டினாள். ஸஹ்றா கண்ணாடியை உயர்த்திச் செய்தியை வாசித்தாள். கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"இத அவன் எழுதல்ல."

"எப்பிடித் தெரியும்?"

ஸஹ்றா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். "ஒருத்தருக்கும் சொல்றல்ல எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவன். அல்லாஹ் மன்னிக்கட்டும். மூணு நோன்பு பிடிச்சி ஈடு செஞ்சிக்கிறன்." பெருமூச்சு விட்டாள். "அவனுக்கு எழுதவும் வராது, வாசிக்கவும் வராது. பள்ளிக்கூடம் போனவன்தான். எழுத்தப் பாத்தா அது மீன் குஞ்சு மாதிரி நழுவி ஓடுதாம். வாத்திமார் அடிச்ச அடியில அதையும் விட்டுட்டான். ஸ்கிரிப்ட் கிடைச்சா இஞ்ச கொண்டு வருவான். நான் வாசிப்பன், அவன் போனில ரெக்கோர்ட் பண்ணிக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்குவான். ஒரு தரம் கேட்டாப் போதும் அவனுக்கு. மூணு வருஷத்து வசனமும் அப்பிடித்தான்."

மிஹ்லாருக்கு நம்ப முடியவில்லை. "அந்தக் கோட்டுக் காட்சியில குற்றப் பத்திரிகைய எடுத்து அப்பிடி வாசிச்சாரே..."

"வெறும் பேப்பர் மகன் அது."

முனவ்வறா எழுந்து ஜன்னலருகே போனாள். வெளியே கடல் இரைந்தது. மிஹ்லாருக்கு அவளுடைய முதுகு தெரியும். அந்த முதுகு இப்படி விறைத்தால் அவள் எங்கோ பிழைவிட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"நாம மடையர் வேல பாத்துட்டம் மிஹ்லார். நஸீருக்குப் பொஞ்சாதி தேடி இம்மட்டுத் தூரம் வந்தம். தேட வேண்டியது பொஞ்சாதி உள்ள ஒருத்தன."

"விளங்கல்ல ராத்தா."

"நஸீர்ட போன் வேறொருத்தன்ட கையில இருந்திருக்கு. நஸீர் மாதிரி எழுதணும் எண்டு இருந்து எழுதிரிக்கான். நஸீர் போற இடம் மருதமுனை வீடு. அத என்னெண்டு எழுதுவான்? கலியாணம் முடிச்சவனுக்குத் தான் பொறந்த வீடு உம்மாட வீடுதானே. யோசிக்காம அதையே எழுதிட்டான். நஸீர் கலியாணம் முடிக்காதவன் எண்டது அவன்ட விரலுக்கு மறந்துபோச்சி."

கடற்கரையில் கேட்டறிந்த படக்குழுவை மிஹ்லார் மனதில் ஓடவிட்டான். கமராக்காரன் கண்டி. வெளிச்சம் பிடிக்கிறவர்கள் கொழும்பு. றஸ்னா பெண், அவள் பிறந்த வீட்டைவிட்டு எங்கும் போனதில்லை. தயாரிப்பாளர் புதன்கிழமையே கொழும்புக்குப் போய்விட்டார். இந்தக் கரையில் பிறந்து, பெண்வீட்டுக்குப் போன ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

"நம்மட நிந்தவூர் மாப்பிள," என்றான் மெதுவாக.

"அவர்தான் நம்மள இஞ்ச அனுப்பினார்," என்றாள் முனவ்வறா. "போகவர அரை நாள் போகட்டும் எண்டு."

*

வண்டி மறுபடியும் திருக்கோவிலை நோக்கித் திரும்பியது. தாண்டியடியில் வீதி முழுக்க மாடுகள் படுத்திருந்தன. மிஹ்லார் ஹோர்ன் அடித்த அடியில் மேய்ப்பவன் கல்லெடுத்துவிட்டான்.

திருக்கோவிலில் படப்பிடிப்புக்கு இடைவேளை விட்டிருந்தார்கள். ஹிஷாம் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு தோணியில் சாய்ந்து உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"கண்டீங்களா ராத்தா?" என்றார்.

"ஸஹ்றாவக் கண்டம்." முனவ்வறா தோணியின் விளிம்பில் அமர்ந்தாள். பிள்ளைகளின் சுகம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். "உங்களட்டக் கேக்க மறந்திட்டன். வியாழக்கிழமை பேக்கப் முடிய நீங்க எங்க போனீங்க?"

"நானா? பக்கத்திலதானே, சாய்ந்தமருதில. உம்மாட வீட்ட போனன்."

மிஹ்லார் மணலைப் பார்த்தான். அந்தச் சொல் அவ்வளவு இலகுவாக வந்து விழும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஹிஷாமுக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை.

முனவ்வறா கைபேசியை அவருடைய மடியில் வைத்தாள். "இதுலயும் அப்பிடித்தான் எழுதிரிக்கீங்க."

"இது நஸீர் எழுதின..."

"நஸீருக்கு எழுதத் தெரியா."

ஹிஷாம் சிரித்தார். பக்கத்தில் இருப்பவரை நம்பவைக்கும் சிரிப்பு. "என்ன ராத்தா கதைக்கீங்க? மூணு வருஷமா என்ட ஸ்கிரிப்ட..."

"ஸஹ்றா வாசிச்சா. அவர் கேட்டுப் பாடமாக்கினார். உங்கட ஒரு எழுத்தயும் அவர் வாசிச்சதில்ல. அதச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் ஒளிச்சி ஒளிச்சி அங்க போனார்."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, பிறகு காணாமல் போனது. கோப்பையிலிருந்து தேநீர் சரிந்து மணலில் இறங்கியது. தூரத்தில் அந்தப் பல் எடுப்பான இளைஞனோடு நின்று சனம் படமெடுத்துக்கொண்டிருந்தது.

"காக்கா," என்றான் மிஹ்லார். அவனுடைய குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. "அவர் சீனிக்காரர். ஊசி போட்டு ரெண்டு நாளாச்சி. எங்க எண்டு மட்டும் சொல்லுங்க."

"இனி ஊசி எதுக்குடா," என்றார் ஹிஷாம். "அவன் மௌத்தாப் பெய்த்தான்."

முனவ்வறா அசையவில்லை. "எப்பிடி?"

வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. சாகாமம் வீதியில் பூட்டிக் கிடக்கும் பழைய அரிசி ஆலை. அதன் கூரைமேல் அந்திச் சூரியனுக்கு எதிரே சாதிக் ஓட வேண்டும், படத்தின் கடைசிக் காட்சி அது. தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொன்ன காட்சி. அனுமதி எடுக்கவில்லை, காப்புறுதி இல்லை, ஆட்களையும் கூட்டிப் போகவில்லை. அவரும் நஸீரும் ஒரு கமராவும் மட்டும் போனார்கள். கூரைக்கு ஏறுமுன் நஸீர் பேர்ஸையும் கைபேசியையும் அவரிடம் கொடுத்தான். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று அவன் வைத்திருந்த திறப்பு இலக்கம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தடவை ஓடும்போது அஸ்பெஸ்டஸ் தகடு உடைந்தது.

"மேல ஏறி ஓட்டைக்குள்ளால பாத்தன். அசையல்ல. கூப்பிட்டன், சத்தமில்ல."

"மூச்சு இருந்திச்சா?"

"ஆலை பூட்டியிருந்திச்சி ராத்தா."

"மூச்சு இருந்திச்சா எண்டு கேட்டன்."

"பாக்கல்ல," என்றார் ஹிஷாம். "உள்ளுக்க இறங்கல்ல. பயந்துட்டன். விடிஞ்சா யாருக்காவது சொல்லுவம் எண்டு இருந்தன். விடிஞ்ச பிறகு சனமெல்லாம் இது விளம்பரம் எண்டு..."

முனவ்வறா எழுந்துவிட்டாள். "ஏறுங்க வண்டியில."

*

சாகாமம் வீதியில் அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தன. முனவ்வறா பின்னிருக்கையில் இருந்து கைபேசியில் அம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஹிஷாம் இரண்டு கைகளையும் தொடைக்கு இடையில் செருகிக்கொண்டு இருந்தார். மிஹ்லார் கண்ணாடியில் ஒரு முறை அவரைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

ஆலையின் முன்கதவில் துருப்பிடித்த சங்கிலி. மிஹ்லார் சில்லுக் கழற்றும் கம்பியை வளையத்துக்குள் செருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். முதல் தடவை கை வழுக்கித் தோல் உரிந்தது. அடுத்த தடவை சங்கிலி மாட்டியிருந்த கொளுவி மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

உள்ளே இருட்டு. கூரையில் உடைந்த இடத்தால் ஒரு வெளிச்சத் தூண் இறங்கி, மூலையில் நின்றது. அங்கே, எத்தனையோ வருடமாக அள்ளாமல் விட்ட உமி மலைபோலக் குவிந்திருந்தது. அதன் சரிவில், பாதி புதைந்து, கறுப்புச் சட்டை.

மிஹ்லார் உமிக்குள் முழங்கால் வரை புதையப் புதைய ஏறினான். பக்கத்தில் போனபோது அழுகிய பழத்தின் வாடை வந்தது. ஒரு கால், கால் வளையாத பக்கத்துக்கு வளைந்திருந்தது. உதடு வெடித்து, உமி ஒட்டியிருந்தது. மிஹ்லார் தன் காதை அந்த வாயருகே கொண்டு போனான். வெளியே ஒரு செண்பகப் பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது ஓயட்டும் என்று காத்திருந்தான்.

மூச்சு வந்தது. ஆழமாக, அவசரமாக, ஓடிக் களைத்தவனின் மூச்சு. அடுத்ததும் வந்தது.

"ராத்தா!" என்று கத்தினான்.

முனவ்வறா கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உயிர் இரிக்கி," என்றாள். ஹிஷாம் வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றார். உள்ளே வரவில்லை.

அம்புலன்ஸ் வரும் வரை மிஹ்லார் நஸீரின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். முனவ்வறா றுமைஸாவுக்கு அழைத்து, ஆஸ்பத்திரிக்கு வரும்படி மட்டும் சொன்னாள்.

நஸீருக்கு இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்திருந்தன. இரத்தத்தில் சீனி அளவிட முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அவர் செவ்வாய்க்கிழமை கண் விழித்தார். சனிக்கிழமை மாலை பொலிஸில் சரணடைந்த ஹிஷாம், நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். படத்தின் வேலைகள் நிறுத்தப்பட்டன. கடைசிக் காட்சி எடுக்கப்படவில்லை.